ஒரேயொரு நிழற்படமும் ஒரு பேராசிரியரும்

ஆபிரிக்க முஸ்லிம்களைப் பற்றி மேற்கத்தேயர் எழுதிய நூலொன்றைக் கையிலெடுத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சந்தேகம்தான். இவர் இந்த மக்களை முஸ்லிம்களாகவே பார்க்கிறாரா, அல்லது இஸ்லாத்தை மேலே போர்த்திக்கொண்ட வேறு யாரோ எண்டு பார்க்கிறாரா? பிரெஞ்சு நிர்வாகிகள் இதற்கெனவே 'கறுப்பு இஸ்லாம்' என்றொரு சொல்லை வைத்திருந்தார்கள். அரபிகளுடையது அசல், இவர்களுடையது கலப்பு, ஆகவே ஆபத்தில்லாதது என்பது அதன் உட்கருத்து. கலை வரலாற்றாசிரியர்களோ, இஸ்லாம் போன இடமெல்லாம் ஆபிரிக்கக் கலை செத்துவிட்டது என்றார்கள். 1974இல் ரெனே பிராவ்மன் இதை மறுத்து எழுதினார். ஐவரி கோஸ்ட்டின் பொந்துக்குப் பகுதியில் நோன்பு முடியும் நாட்களில் முஸ்லிம்களே முகமூடி அணிந்து ஆடினார்கள் என்ற அவருடைய தகவல் இன்றைக்கும் நம்மில் பலரைத் திடுக்கிட வைக்கும்.

அந்த வழியில் வந்தவர்தான் பேராசிரியர் அலன் ரொபர்ட்ஸ். 1970களில் கொங்கோவின் தப்வா மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்தவர். பின்னர் மனைவி மேரி நூட்டர் ரொபர்ட்ஸுடன் லூபா மக்களின் கலை பற்றி 1996இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். லூபாக்களிடம் 'லுகாசா' என்றொரு மரப்பலகை உண்டு. அதில் பதித்த மணிகளைத் தடவித் தடவி அரசர்களின் வரலாற்றைச் சொல்வார்கள். பொருளை ஏடு போல் வாசிக்கும் இந்தப் பழக்கத்தோடுதான் அவர் செனகலுக்குப் போனார். அவருடைய பலமும் குறையும் இதிலேயே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

செனகல் பற்றிய நூல் 2003இல் வந்தது. அதன் நாயகர் முரீதிய்யா தரீக்காவின் ஸ்தாபகர் ஷெய்கு அஹ்மது பம்பா. பிரெஞ்சுக்காரர் அவரை 1895இல் கபோனுக்கு நாடுகடத்தினார்கள். திரும்பி வந்தவரை மொரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். அவருடையதென உறுதியாக அறியப்பட்டது ஒரேயொரு நிழற்படம், 1913இல் ஜுர்பெல்லில் எடுத்தது. வெள்ளை உடுப்பு, வாயை மறைத்த தலைப்பாகைத் துணி, நிழலில் காணாமற்போன ஒரு பாதம். காவலில் வைத்திருந்த அரசு பார்த்த படம் அது. முரீதுகளோ அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். மறைந்த பாதத்தில் பாத்தினையும் தெரியும் பாதத்தில் ளாஹிரையும் வாசித்தார்கள். டக்காரின் சுவர்களிலும் பஸ்களிலும் கண்ணாடி ஓவியங்களிலும் அந்த உருவம் பரக்கத் தருவதாக நிற்கிறது. பபிஸ்தோ போய் என்ற ஓவியர் தொழிற்சாலைச் சுவரொன்றில் ஏறத்தாழ 200 மீற்றர் நீளத்துக்குத் தீட்டியிருந்தார். பொலிஸ் கோப்புக்குரிய ஒரு படம் எப்படி ஒரு சமூகத்தின் மானமாக மாறியது என்பதை ரொபர்ட்ஸ் தம்பதியர் சொல்லும் பக்கங்கள்தான் நூலின் உயிர்.

சரி, உருவப்படத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டா? நம்மட ஊரில் எந்த மௌலவியும் முதலில் இதைத்தான் கேட்பார். கேட்கவும் வேண்டும். முரீதுகளின் விளக்கத்தை நூல் மரியாதையோடு தருகிறது. ஆனால் அதே செனகலில் 1978இலிருந்து இயங்கிவரும் இபாதுர் ரஹ்மான் இயக்கத்தவர் போன்றோர் இதையெல்லாம் ஏற்பதில்லை. அவர்களும் செனகல்காரர்தானே? அவர்களுடைய குரல் இதில் எனக்குப் போதியளவு கேட்கவில்லை. பக்தரின் பக்கம் நின்று எழுதுவது நல்ல காரியம்தான். ஆனால் கந்தூரியையும் ஸியாரத்தையும் வைத்து ஊரே இரண்டுபட்டதைக் கண்ட நமக்கு, சச்சரவில்லாத ஊர் ஒன்றை நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. பம்பா படமாக வாழ்ந்தவரல்ல. எழுதி எழுதியே வாழ்ந்தவர். ஆயிரக்கணக்கான அரபு அடிகளில் கஸீதாக்கள் பாடியவர். அவருடைய சீடர் மூஸா கா, வொலோஃப் மொழியை அரபு எழுத்தில் எழுதி 'வொலோஃபல்' கவிதையை வளர்த்தார். அரபுத்தமிழைத் தெரிந்த எவருக்கும் இது அந்நியமான சங்கதியல்ல. லெப்பைமார் செய்த அதே வேலைதான். நூல் எழுத்தைப் பற்றிப் பேசாமலில்லை. ஆயினும் பேசும்போது தாயத்தாகவும் காட்சியாகவும் பார்க்கிறதே தவிர, கவிதையாகப் பார்ப்பது குறைவு. யாப்பு என்ன, சொல்லாட்சி எப்படி, அரபுச் சொல் வொலோஃபில் எப்படி இணங்கியது என்பதையெல்லாம் தமிழ் படித்தவன் தேடத்தானே செய்வான்.

எனவே இந்த நூலை எடுப்பவர்கள், செனகலைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஷெய்க் அன்தா பாபு 2007இல் பம்பாவைப் பற்றி எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு ஆவணங்களோடு முரீதுகளின் சொந்த ஏடுகளையும் வாய்மொழியையும் கொண்டு எழுதியது அது. அங்கே ஷெய்கு சுவரில் நிற்கவில்லை, ஓதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.