டிரம்ஸ் இல்லாத மேடையில் பிறந்த துள்ளல்

ராக்கபில்லி என்ற பெயரில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பாதி ராக் அண்ட் ரோல். பின்பாதி ஹில்பில்லி. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் தெற்கு மாநிலங்களின் உட்பகுதிகளிலும் வாழ்ந்த ஏழை வெள்ளையர்களை நகரத்தார் இளக்காரமாக அழைத்த சொல் அது. நம்மூர் 'பட்டிக்காட்டான்' என்பதற்குப் பக்கத்தில் வரும். அவர்களுடைய பிடில், பாஞ்சோ பாட்டுகளுக்கும் இசைத்தட்டு வணிகம் அதே பெயரைத்தான் வைத்திருந்தது. 1949இல் பில்போர்டு இதழ் தன் பட்டியலின் தலைப்பை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டது. ஆனால் ஏளனம் அத்தனை சுலபமாகப் போய்விடவில்லை. 1956 வாக்கில் 'ராக்கபில்லி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தபோது, அந்த இசையைப் பாடியவர்களிலேயே பலர் அதை விரும்பவில்லை.

இந்த இசையின் விதை ஒரே ஊரில் விழவில்லை. ஜிம்மி ரோஜர்ஸ் 1920களின் இறுதியிலேயே புளூஸையும் மலைநாட்டுப் பாட்டையும் கலந்து பாடிவிட்டார். பாப் வில்ஸ் நாட்டுப்புற பிடிலோடு ஜாஸைச் சேர்த்தார். டெல்மோர் சகோதரர்கள் 1940களில் 'பூகி' தாளத்தைக் கையில் எடுத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே வாழவேண்டும் என்று சட்டம் சொன்ன தெற்கத்திய மண் அது. வானொலிக்கு மட்டும் அந்த வேலி கிடையாது. மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் கறுப்பின நேயர்களுக்காக ஒலிபரப்பியதை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கேட்டார்கள். டென்னசியில் பருத்தி வயல் குத்தகைக் குடும்பத்தில் பிறந்த கார்ல் பெர்க்கின்ஸ், சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் கன்ட்ரி கேட்டார். கித்தார் பிடிக்கக் கற்றுக்கொண்டதோ அதே வயலில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெரியவரிடம்.

இந்த வரத்துகளெல்லாம் ஒன்றுகூடிய இடம் மெம்பிஸ், 706 யூனியன் அவென்யூ. சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக்கூடம். 1954 ஜூலை 5ஆம் தேதி இரவு, லாரி ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது எல்விஸ் பிரெஸ்லி அங்கே மெதுவான காதல் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார். எதுவும் தேறவில்லை. இடைவேளையில் விளையாட்டாக 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத் தொடங்கினார். அது கறுப்பின புளூஸ் பாடகர் ஆர்தர் குருடப் 1946இல் பதிவு செய்தது. பேஸ் கலைஞர் பில் பிளாக்கும் கித்தார் கலைஞர் ஸ்காட்டி மூரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பிலிப்ஸ், முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

மூவர் கூட்டணியில் யார் என்ன செய்தார்கள் என்று கவனித்தால்தான் இந்தப் பாணியின் இலக்கணம் புரியும். டிரம்ஸ் இல்லை. அந்தக் காலியிடத்தை நிரப்பியவர் பிளாக். ஆளுயர டபுள் பேஸின் நரம்பைச் சுண்டி இழுத்து விட்டால் அது மரப்பலகையில் படீரென்று மோதும். கூடவே உள்ளங்கையால் ஓர் அறை. ஒரே வாத்தியத்திலிருந்து சுரமும் வந்தது, அடியும் வந்தது. எல்விஸின் சாதாரணக் கித்தார் சந்தத்தை அறுபடாமல் இழுத்துச் சென்றது. மூர் தன் மின்கித்தாரில் கட்டைவிரலால் கீழ்ச்சுரங்களைத் தட்டிக்கொண்டே மற்ற விரல்களால் இடைவெளிகளை நிரப்பினார். அது மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் வழிவந்த கன்ட்ரி நுட்பம்.

நான்காவது ஆட்டக்காரர் பிலிப்ஸ்தான் என்று சொல்லலாம். பாட்டை ஒரு டேப் இயந்திரத்தில் பதிவு செய்தபடியே இன்னொரு இயந்திரத்துக்கும் அனுப்பினார். அதில் பதியும் முனைக்கும் திரும்ப ஒலிக்கும் முனைக்கும் இடையே உள்ள சிறு தூரத்தை டேப் கடக்கும் நேரத்தில் ஒரு தாமதம் பிறக்கிறது. தாமதித்த ஒலியை மூலத்தோடு கலந்ததும், 'ஸ்லாப்பேக்' எனப்படும் ஒற்றை எதிரொலி கிடைத்தது. மூன்று பேர் வாசித்தது கூடம் நிறைய ஆட்கள் வாசித்ததுபோல் கேட்டது.

'தட்ஸ் ஆல் ரைட்' வெளியான இசைத்தட்டின் மறுபக்கம் இன்னும் சுவையானது. பில் மன்றோவின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' மூன்றடியில் ஆடி அசைந்து போகும் பாட்டு. நம் கணக்கில் திஸ்ரம். மூவரும் அதைச் சதுஸ்ரத்துக்கு மாற்றி விரட்டினார்கள். ஒரு பக்கம் கறுப்பரின் புளூஸ், மறுபக்கம் வெள்ளையரின் புளூகிராஸ், இரண்டும் ஒரே துள்ளலில். ராக்கபில்லிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை யாரும் எழுதிவிட முடியாது. 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளர் டூயி பிலிப்ஸ், அன்றிரவே எல்விஸை அழைத்து, படித்த பள்ளியின் பெயரைச் சொல்ல வைத்தார். பள்ளியின் பெயரே நிறத்தைச் சொல்லிவிடும் ஊர் அது. நேயர்கள் பலர் பாடியவரைக் கறுப்பர் என்றே நினைத்திருந்தார்கள். பாட்டின் மூலவரான குருடப்புக்கோ உரிய ராயல்டி முழுமையாக வந்து சேரவே இல்லை.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார் பிலிப்ஸ். அடுத்த ஆண்டு பெர்க்கின்ஸின் 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் என மூன்று பட்டியல்களிலும் ஏறியது. மார்ச்சில் நியூயார்க் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் நேர்ந்த கார் விபத்து அவரைப் படுக்கவைத்தது. ஜெர்ரி லீ லூயிஸ், ஜீன் வின்சென்ட், வாண்டா ஜாக்சன் என்று வரிசை நீண்டாலும் காலம் நீளவில்லை. 1958இல் எல்விஸ் ராணுவத்துக்குப் போனார். பாடகர்களில் பட்டி ஹாலி 1959இலும் எடி காக்ரன் 1960இலும் விபத்துகளில் இறந்தார்கள். அதற்குள் டபுள் பேஸின் இடத்தை மின்பேஸ் பிடித்துக்கொண்டிருந்தது. அறை விழ மரப்பலகை இல்லை. முழு டிரம்ஸ் தொகுதியும் வந்துவிட்ட பிறகு பேஸ் கலைஞர் இரட்டை வேலை பார்க்கத் தேவையுமில்லை.

பாட்டுகள் கடல் கடந்து பிழைத்தன. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் மட்டும் பெர்க்கின்ஸின் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஆனால் பழைய ஒலியமைப்பு திரளான ரசிகர்களை மறுபடி எட்டியது 1980இல். நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து லண்டனுக்குப் போன ஸ்ட்ரே கேட்ஸ் குழுவில் மூன்றே பேர். லீ ராக்கர் டபுள் பேஸை அறைந்தார், பிரையன் செட்சர் கித்தார் வாசித்துப் பாடினார், ஸ்லிம் ஜிம் பாண்டம் ஓரிரு டிரம்களை மட்டும் வைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தார்.