கட்டுப்பாடும் அடிமைத்தனமும்

அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் சொந்த மோட்டார் வண்டி வைத்துக்கொள்வதில்லை. ஒரே விதமாக உடுப்பர். இதுபற்றியே அவர்களை மக்களை மயக்கி அடிமைகொள்ளும் கூட்டமென்று சிலர் தூற்றுவது நியாயமன்று. வயது வந்து தாமே இசைந்தோருக்கே அங்கு ஞானஸ்நானம், இது மெச்சத்தக்கதே.

ஆயினும், 1972-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, எட்டாம் வகுப்புக்குமேல் அவர்தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி கட்டாயப்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. பெற்றோரின் மதவுரிமையையே பெரிதாகப் பேசும் அத்தீர்ப்பில், பிள்ளையின் கருத்தையும் கேட்கவேண்டுமென மாறுபட்டு உரைத்தவர் நீதிபதி டக்ளஸ் ஒருவரே. நாம் அவர் பக்கமே நிற்கிறோம். ஞானஸ்நானம் பெற்றபின் பிரிவோரைச் சுற்றத்தாரே விலக்கிவைப்பர். கல்வியுமின்றி, உறவுமின்றி வெளியேறுவோன் எங்ஙனம் பிழைப்பான்? கதவைத் திறந்துவைத்துக் காலை முடக்குவது சுதந்தரமாகுமா? ஆமிஷாரை மயக்குக் கூட்டமென்று நாம் கூறோம்; பிள்ளைகளின் கல்வியைக் குறைக்கும்வரை குற்றமற்றவரென்றும் கூறோம்.