புலன்மயக்கம்: தமிழ்ச் சொல்லும் கவிச்சுவையும்

கண் ஒளியையும் வடிவையும் காண்கின்றது. செவி ஓசையைக் கேட்கின்றது. நா சுவையையும் மூக்கு மணத்தையும் மெய் ஊற்றையும் உணர்கின்றன. ஐம்புலன்களும் ஒன்றன் எல்லையுள் மற்றொன்று புகாமல் தத்தம் தொழிலை இயற்றுகின்றன என்பதே நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். ஆயின் நாம் நாள்தோறும் வழங்கும் மொழி இவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. 'இனிய குரல்' என்கிறோம். குரலை எந்த நாவும் சுவைத்ததில்லை. 'சுடுசொல்' என்கிறோம், சொல்லிற் கனல் இல்லை. 'கரகரத்த தொண்டை', 'கூரிய பார்வை', 'குளிர்ந்த நிறம்' என்பனவும் இத்தகையனவே. இவை வழுவெனப்படாமல் வழக்கெனப்படுவது எவ்வாறு? இவற்றுக்கும் கவிஞன் ஆளும் புதுமையான புலக்கலப்புக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு புலனுக்குரிய பண்பை மற்றொரு புலனுக்குரிய பொருளின்மேல் ஏற்றியுரைப்பதைப் 'புலன்மயக்கம்' என்று ஈண்டு வழங்குவோம். மயக்கம் என்றவுடன் தடுமாற்றம் என்று கொள்ளல் வேண்டா. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என இலக்கண நூலார் வழங்குமிடத்து மயக்கம் என்பது கலப்பையே குறிக்கும். அப்பொருளே இங்கும் கொள்ளத்தக்கது.

இப்பொருளை ஆராய்வோர் முதலிற் செய்யவேண்டுவது வேறுபட்ட மூன்றனைப் பிரித்தறிதலாம். முதலாவது, உடற்கூறு பற்றியது. சிலருக்கு எழுத்தைக் காணும்போதோ ஓசையைக் கேட்கும்போதோ ஒரு நிறம் தானே தோன்றும். அவர்கள் அதனை வேண்டி வருவிப்பதில்லை. விலக்க முயலினும் விலகுவதில்லை. இன்ன எழுத்துக்கு இன்ன நிறம் என்பது ஆண்டுகள் பல கழியினும் மாறுவதில்லை. 1812இல் கியோர்க் சாக்ஸ் என்னும் செருமானிய மருத்துவர் தம் அனுபவத்தையே எழுதிவைத்தார். 1880இல் பிரான்சிசு கால்ட்டன் இத்தகையோர் பலரின் கூற்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 2006இல் யூலியா சிம்னரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, ஏதேனும் ஒருவகைப் புலன்மயக்கம் உடையோர் நூற்றுக்கு நால்வர் அளவில் உள்ளனர் என்று காட்டிற்று. 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை இசுற்றான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் இத்துறையிற் புகழ்பெற்ற தமிழர். எண்ணின் வடிவை அறியும் மூளைப்பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அருகருகே அமைந்திருத்தலின், ஒன்றன் கிளர்ச்சி மற்றொன்றனையும் தூண்டுகின்றது என்பது அவரும் எட்வேட் ஹபாட்டும் 2001இல் விரித்துரைத்த கருத்தாகும்.

இரண்டாவது, மரபு பற்றியது. பரதரின் நாட்டிய சாத்திரம் எண்சுவைக்கும் எண்ணிறம் வகுக்கின்றது. நகைக்கு வெண்மை, வெகுளிக்குச் செம்மை, அச்சத்துக்குக் கருமை என்பன அவற்றுட் சில. இவை ஒருவர்க்குத் தானே தோன்றுவன அல்ல. அரங்கக் கலைஞர் கற்றுக் கைக்கொள்வன. மூன்றாவதே மொழி பற்றியது. இது நூற்றுக்கு நால்வர்க்கு மட்டும் உரியதன்று. பேசும் மாந்தர் யாவர்க்கும் பொது.

இம்மூன்றனையும் ஒன்றாகக் கொள்வதாற் பிறப்பன பொருந்தா முடிபுகள். ஒலிக்கு நிறம் கூறும் ஓர் அடியைக் கண்டவுடன் அதனைப் பாடியவர் வியத்தகு மூளையமைப்பு உடையவர் என்று துணிவோர் உளர். உருசியாவிற் பிறந்த நாவலாசிரியர் நபகோவ் எழுத்துகள் தமக்கு நிறத்தோடு தோன்றுவதைத் தம் வரலாற்றில் விரிவாகக் கூறியுள்ளார். ஆதலின் அவர் திறத்து ஐயமில்லை. பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போ உயிரெழுத்துகளுக்கு நிறம் வகுத்துப் பாடிய பாட்டோ புகழ்பெற்றது. எனினும் அந்நிறங்களைத் தாமே புனைந்ததாக அவரே பின்னர் உரைத்தார். ஒருவர் உணர்ந்து கூறினார். மற்றவர் படைத்துக் கூறினார். கவிதையின் உயர்வு தாழ்வு இவ்வேறுபாட்டைப் பொறுத்ததன்று. எனவே சங்கப் புலவரின் மூளையைப் பற்றி ஊகம் செய்தல் திறனாய்வு ஆகாது. அவர் கையாண்ட மொழியே நம்முன் உள்ளது. அதனையே ஆராய்தல் வேண்டும்.

மொழியின் புலன்மயக்கம் நெறியற்று நிகழ்வதன்று. இசுற்றீபன் உல்மன் என்னும் சொற்பொருளியல் அறிஞர் 1950களில் ஐரோப்பியக் கவிஞர் பலரின் ஆட்சிகளைத் தொகுத்து நோக்கி, ஓர் உண்மையைக் கண்டார். பண்புகள் பெரும்பாலும் தாழ்ந்த புலனிலிருந்து உயர்ந்த புலனுக்கு ஏறுகின்றன. ஊறே அவற்றை மிகுதியாகக் கொடுப்பது. ஓசையே அவற்றை மிகுதியாகக் கொள்வது. 1976இல் யோசப் வில்லியம்சு ஆங்கிலப் பெயரடைகளின் வரலாற்றை ஆராய்ந்து ஏறத்தாழ இதே போக்கினைக் கண்டார்.

இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பிய மரபியல் நினைவிற்கு வரும். உயிர்களை அறிவின் தொகை பற்றி வகுக்கும் அவ்வியல், ஊற்றினை முதலாகவும், அதன்மேல் சுவை, மணம், காட்சி, கேள்வி என முறையே ஏற்றியும், மனத்தை ஆறாவதாகவும் வைக்கின்றது. நம் சொற்களை இவ்வேணியில் வைத்துப் பார்ப்போம். மெல்லிய குரல், தடித்த குரல், கனத்த குரல் என ஊறு கேள்விக்கு ஏறுகின்றது. இன்சொல், கசந்த பேச்சு எனச் சுவை கேள்விக்கு ஏறுகின்றது. காரமான நெடி எனச் சுவை மணத்துக்கு ஏறுகின்றது. பாட்டின் மெய்ப்பாட்டையே சுவை என்னும்போது நாவின் சொல் மனத்துக்கே ஏறிவிடுகின்றது. மாறாக, 'உரத்த இனிப்பு', 'மணக்கும் மென்மை' என்று கூறின் கேட்போர் திகைப்பர். மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்த பாகுபாடும் கைதொட்டறியும் வன்மை மென்மைகளைச் செவிக்குரிய ஒலியின்மேல் ஏற்றியதேயாம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களில், நிறத்தின் பெயர் சந்தத்தின் பெயராகியது. கண்ணுக்குரிய சொல்லும் செவிக்கே ஏறிற்று.

ஆயினும், உல்மன் கண்டதைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் என்று பெருமை பேசுதல் தகாது. தொல்காப்பியர் உயிர்ப் பாகுபாடு கூறினாரேயன்றி உருவக நெறி கூறவில்லை. உல்மனின் வரிசையில் கண்ணே செவிக்கு மேல் நிற்கின்றது என்பதும் மறக்கற்பாலதன்று. தனித்தனி நோக்கங்கொண்ட இரு வரிசைகள் பெரும்பகுதி ஒத்திருத்தல் சிந்தனைக்குரியது என்ற அளவில் அமைதலே முறை.

இந்நெறியை ஏட்டில் மட்டுமன்றி நம் சூழலிலும் காணலாம். கொழும்பு–கண்டிப் புகைவண்டிப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. அதில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை நோக்கி மலையேற்றம் தொடங்குகின்றது. நீராவி இயந்திரக் காலத்தில் ஏறும் வண்டியைப் பின்னிருந்து தள்ளுதற்கு மற்றோர் இயந்திரமும் பூட்டப்பட்டது. வண்டியைக் காணாமலே அது ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று ஒலியால் அறியலாம். ஏறும் வண்டியின் ஒலியைக் 'கனத்த ஒலி' என்போம். தோள் அறிந்த சுமையைச் செவி கேட்கின்றது. தோட்டத்துத் தப்பினை அனலிற் காய்ச்சி எடுக்கின்றனர்; தோல் இறுகியதும் ஒலியும் இறுகுகின்றது. ஈரம் பட்டால் தோலோடு ஒலியும் தொய்ந்துவிடுகின்றது. இங்கே சொல்லின் மயக்கத்துக்குப் பொருளிலேயே காரணம் உண்டு.

தேயிலைச் சுவைஞர் மொழி இன்னும் தெளிவான சான்று. சப்பிரகமுவத் தேயிலை தாழ்நிலத் தேயிலை. கரிய இலையும் அழுத்தமான சாறும் உடையது. சுவைஞர் அதனைக் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சுவர். சாறு திவலைகளாகச் சிதறி அதன் ஆவி வாயினுள்ளிருந்தே மூக்கையும் எட்டுதற்பொருட்டே அவ்வாறு செய்வர். நாம் சுவை என்று கூறுவதிற் பெரும்பங்கு மணமே. தடிமன் பிடித்தவனுக்கு உணவு சப்பென்றிருத்தல் இதனாலேயே. அவ்வாறு அறிந்ததை அவர்கள் கூறும் சொற்களோ கனம், மெலிவு, மென்மை, கடுமை என்னும் ஊற்றுச் சொற்களே. நுண்மையாகத் தீர்ப்புக் கூறவேண்டியவர்களும் கைக்குரிய சொற்களையே நாடுகின்றனர். ஆதலின் புலன்மயக்கம் வெறும் அலங்காரம் அன்று. அறிந்ததை அறிவிக்க வேறு வழியில்லாதபோது மொழி கைக்கொள்ளும் வழி அது.

சொற்பொருள் கீழிருந்து மேல் ஏறுகின்றது என்று கண்டோம். மேலிருந்து கீழிறங்கும் வழி ஒன்றும் தமிழில் உண்டு. அதுவே இரட்டைக்கிளவி. சலசல, கலகல என்பன ஓசையையே ஓசையாற் குறிப்பன. ஆனால் பளபள என்பது ஒளியையும், கமகம என்பது மணத்தையும், வழவழ, சொரசொர என்பன ஊற்றையும் குறிக்கின்றன. மணத்துக்கு ஓசையில்லை, ஆயினும் 'கமகம' என்றவுடன் மணம் தோன்றுகின்றது. 'பளீர்' என்பது மின்னலுக்கும் ஆகும். கன்னத்தில் விழுந்த அறைக்கும் ஆகும். உளநூலார் கோலர் 1929இல் தொடக்கிவைத்த ஒரு சோதனையை இராமச்சந்திரனும் ஹபாட்டும் வேறு சொற்களைக்கொண்டு நடத்தினர். வளைந்த வடிவொன்று, கூர்முனை வடிவொன்று காட்டி, 'பூபா' எது, 'கிக்கி' எது என வினவினர். மிகப்பெரும்பாலோர் வளைந்ததைப் பூபா என்றும் கூரியதைக் கிக்கி என்றும் கூறினர். அமெரிக்க மாணவரும் தமிழ் பேசுவோரும் இதில் வேறுபடவில்லை. வாய் குவிதலும் நா அண்ணத்தை ஒற்றுதலும் வடிவாகவே உணரப்படுகின்றன போலும். குளுகுளு போன்றவற்றில் வல்லெழுத்து நின்றும் மென்மையே தோன்றுதலின், இதனை மாறாவிதி என்று கொள்ளாது ஒரு சார்பு என்றே கொள்ளல் வேண்டும். எனினும், பொருள் ஏற ஒலி இறங்கும் இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடத்திலேயே கவிஞன் தொழில் செய்கின்றான்.

இனிக் கவிஞர் ஆட்சியை நோக்குவாம். வள்ளுவர் காமத்துப்பாலில் ஐம்புல இன்பமும் ஒருத்தியிடத்தே உள்ளன என்று தலைவனைக் கூறவைத்தார். அது ஐந்தும் ஒருங்குகூடல், மயக்கம் அன்று. ஆனால் கேள்வி அதிகாரத்திற் காதுக்குரிய உணவைக் கூறி, செவியின் சுவையறியாது வாயின் சுவை மட்டும் அறிந்தோரை இகழ்ந்தபோது, நாவையும் செவியையும் எதிரெதிர் நிறுத்தி மயக்கத்தையே வாதமாக்கினார். கம்பரும் கோசல நாட்டுமக்களைக் கேள்வியைச் செவியாற் பருகுவோராகக் காட்டினார். பாரதியார்க்குச் செந்தமிழ் நாடென்னும் பெயரே காதிற் பாயும் தேனாயிற்று. இவை யாவும் சுவையினின்று கேள்விக்கு ஏறும் பழகிய வழியில் செல்வன. பின்வந்தோர் பலர் தேனையும் கனியையும் எடுத்தெடுத்து ஆண்டமையின் அவை இன்று சுவையிழந்தன. 'தேனினும் இனிய பேச்சு' என்று மேடையிற் கேட்கும்போது நம் நாவில் எதுவும் ஊறுவதில்லை. புலன்மயக்கம் உயிருள்ளதா என்பதற்கு இதுவே உரைகல்: கொடுத்த புலன் படிப்போனிடத்து விழித்தெழுதல் வேண்டும்.

அவ்வாறு விழித்தெழச் செய்யும் ஆட்சிக்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் தலையாய சான்று. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் இப்பாட்டில், பெருங்கௌசிகனார் மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் கடாமாகவும் கொண்டார். பாட்டின் பெயரே அதனாற் பிறந்தது. ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஓசைக்கு ஓசையை உவமித்தல் வேண்டின் யானையின் பிளிறல் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. புலவர் அதனை விடுத்து, ஒலியே இல்லாத கடாத்தை ஏன் கொண்டார்? பிளிறல் யானை வேண்டி எழுப்புவது, ஒரு குரலே உடையது, எழுந்து ஓய்வது. கடாமோ வேண்டாமலே சுரப்பது, ஒழுகுவது, நாறுவது, வண்டினத்தை அழைப்பது. மலையிலோ அருவி ஒலிக்கின்றது. தினை குற்றும் மகளிர் பாடுகின்றனர். புலியாற் புண்பட்ட கணவர் பக்கத்தே அமர்ந்து பெண்டிர் பாடுகின்றனர். பாகர் யானைக்குக் கலந்த மொழியிற் கற்பிக்கின்றனர். உழைப்பும் நோவும் மகிழ்வும் ஆகிய இத்தனை ஓசைகளும் ஒரே மலையினின்று ஊறும் ஒரே நீராகின்றன. அந்த ஒருமையைப் பிளிறல் தந்திராது. ஓசைக்கு ஈரமும் மணமும் ஏற்றியதாலேயே புலவர்க்கு அது கைகூடிற்று. இதனை 'உருவகம்' என்று குறித்துவிட்டு அப்பாற் செல்லும் உரைக்குறிப்பு, பாட்டின் உயிரையே விட்டுச் செல்கின்றது.

இது தேர்வுக்குரிய செய்தி மட்டுமன்று. சப்பிரகமுவ மலைச்சாரலில், இறப்பர்க் காட்டிலும் தேயிலைச் சரிவிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் புலன்மயக்கம் நிறைந்த மொழியோடு பள்ளிக்கு வருகின்றனர். வெறுந்தேநீரை அவர்கள் 'சாயம்' என்பர். நாவுக்குரிய பொருளுக்குக் கண் கண்ட நிறத்தால் வந்த பெயர் அது. அத்தகைய சொற்களைக் கொச்சை என்று திருத்திவிட்டு, அவற்றுக்கு ஈடாகப் பழகித் தேய்ந்த தேனையும் பாலையும் தருவோமாயின் இழப்பு பெரிது. தோட்டமக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவை இலக்கியம் என்று நம்பியே அப்பணியைச் செய்தார். மாணவர் ஒரு சொல்லைக் கூறும்போது, அது எந்தப் புலனிலிருந்து எந்தப் புலனுக்கு ஏறியது என்று ஆசிரியர் வினவுவாராக. அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் மலைபடுகடாத்தைப் பொருளுணர்ந்து கற்பான். தன் மலையின் ஓசைகளையும் செவிகொடுத்துக் கேட்பான்.