நாளைப் போவோம்: டிசம்பர் லீவு, தீம் பார்க், நந்தனார்

போன வாரம் வீட்டில் ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். பெயர் 'டிசம்பர் லீவு'. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிடைக்கிற எட்டுப் பத்து நாளை கடலூரில் அம்மா வீட்டில் கழிப்பது வழக்கம். இந்த முறை பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்பது தீம் பார்க். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்ததிலிருந்து இதே பாட்டுதான். அம்மா கேட்பது சிதம்பரம், ஆருத்ரா தரிசனம்.

இரண்டும் ஒரே வாரத்தில் மோதுவது தற்செயல். மார்கழித் திருவாதிரை நட்சத்திரக் கணக்கு. சந்திரன் ஒரு நட்சத்திரத்துக்குத் திரும்பி வர சுமார் 27.3 நாள். அதை 13-ஆல் பெருக்கினால் 355. அதனால் விழா வருடா வருடம் பத்து நாள் முன்னால் நகரும். மார்கழியைத் தாண்டிவிடும் என்றால் ஒரு சுற்று கூடிப் பின்னால் குதிக்கும். 2023-ல் டிசம்பர் 27. அடுத்தது 2025 ஜனவரி 13. அதற்கடுத்தது 2026 ஜனவரி 3. இந்த முறை கிறிஸ்துமஸை ஒட்டியே வருகிறது.

ஷீட்டில் ஒரு வரிசை மட்டும் காலி. டிசம்பர் 26. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தேதியில் எங்கள் வீட்டில் யாரும் ஊர் சுற்றக் கிளம்புவதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அன்றைக்குப் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துவார்கள். அம்மா வீட்டிலிருந்தே கும்பிடுவார்.

மீதி நாட்களில் எது, எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன்: "நமக்கு எதுக்கு தீம் பார்க்? சிதம்பரம் தேர்தான் நம்ம தீம் பார்க்." நிறைய கட்டைவிரல்கள் விழுந்தன. ஒரு நண்பன் மட்டும் ஒரே சொல்லில் பதில் போட்டான்: "உங்களுக்கு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லுக்கான பதில். உண்மையில் என் வரியை நானே திருப்பிப் படித்துப் பார்த்த குறிப்பு.

* * *

முதலில், ஒப்பீடு எவ்வளவு தூரம் நிற்கும்?

தீம் பார்க் என்றால் ராட்டினம் நிறைய இருக்கும் இடம் என்று நினைக்கிறோம். ராட்டினம் பொருட்காட்சியிலும் உண்டு. 1955-ல் கலிஃபோர்னியாவின் அனாஹைமில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலேண்டின் புதுமை வேறு. ஒரு சினிமாக்காரர் சினிமாவுக்குள் ஆளை நடக்கவிட்டார். பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பி, வெளியே இருக்கும் ஊர் கண்ணில் படாமல் செய்தார். நடுவில் எங்கிருந்தும் தெரிகிற மாதிரி ஒரு கோட்டை. கால்கள் தானாக அதை நோக்கி நடக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை.

தமிழ்நாட்டிலும் இது சினிமா வழியாக வந்தது என்பது சுவாரசியமான விஷயம். தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவை உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன், 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்கிற இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்தவர். பெயரை ராமாயணத்திலிருந்து எடுத்தார், வாலி சுக்ரீவன் ஆண்ட ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி கோல்டன் பீச்சில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயலாத என் தலைமுறைப் பிள்ளைகள் குறைவு. முட்டுக்காட்டுப் பூங்காவின் பெயரில் 'டிஸ்ஸி' என்று இருப்பது எந்த ஊர்ப் பெயரை ஞாபகப்படுத்த என்று சொல்லவேண்டியதில்லை. இப்போது வந்திருக்கும் வொண்டர்லாவில், தலைக்கு மேல் தண்டவாளமும் காலுக்குக் கீழ் காற்றுமாகத் தொங்கிக்கொண்டு போகும் ரோலர் கோஸ்டருக்குப் பெயர் 'தஞ்சோரா'. செய்தது சுவிட்சர்லாந்து நிறுவனம், பெயரில் தஞ்சாவூர் வாசனை. தீம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: இயந்திரம் எங்கிருந்தோ வரும், கதை மட்டும் உள்ளூரில் ஒட்டப்படும்.

இந்தக் கண்ணோடு சிதம்பரத்தைப் பார்த்தால் என் வாட்ஸ்அப் வரி அசட்டுத்தனம் இல்லை என்றுதான் தோன்றும். நான்கு திசையிலும் ஏழு நிலைக் கோபுரங்கள், தூரத்திலிருந்தே காலை இழுப்பவை. மார்கழித் திருவிழா பத்து நாள். ஒன்பதாம் நாள் ஐந்து தேர்கள் நான்கு வீதியும் சுற்றும். மற்ற கோயில்களில் மூலவர் உள்ளேயே இருக்க உற்சவர்தான் வெளியே வருவார். இங்கே கருவறையில் இருக்கும் நடராசரே தேரில் ஏறி வீதிக்கு வருகிறார். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கி, விடிவதற்கு முன் அபிஷேகம் முடிந்து, அடுத்த நாள் தரிசனம் தந்தபடி உள்ளே திரும்புகிறார். எட்டு வயதில் நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தபோது கிடைத்த சிலிர்ப்புக்கும் என் மகன் கோஸ்டரில் தேடும் சிலிர்ப்புக்கும் உறவு உண்டு.

கட்டமைப்பில் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தீம் பார்க்கின் மண்மேடு ஊரை மறைக்கிறது. தேர் மதிலைத் தாண்டி ஊருக்குள் வருகிறது. "ஆகவே நம்முடையது உசத்தி" என்று இந்த இடத்தில் முடிக்கும் கட்டுரைகளை நிறைய படித்திருக்கிறேன். நானே ஒன்று எழுதியிருக்கிறேன். இப்போது அது பாதிக் கட்டுரை என்று தெரிகிறது.

* * *

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும், ஏனென்றால் பண்டிகைக் காலப் பயணத்தில் நாம் உண்மையில் வாங்குவது வரிசையைத்தான்.

ஒரு ராட்டினத்தில் 24 இருக்கை, ஏறி இறங்க மூன்று நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 480 பேர். எட்டு மணி நேரத்துக்கு 3,840 பேர். அன்றைக்கு உள்ளே வந்தவர்கள் 6,000 என்றால், எவ்வளவு நன்றாக நிர்வகித்தாலும் 2,160 பேர் அதில் ஏற முடியாது. இதில் யார் தப்பும் இல்லை, எல்லாப் பள்ளிக்கும் ஒரே வாரம் லீவு விட்டதுதான் காரணம்.

இனி சீக்கிரம் போகும் டிக்கெட். ஐந்தில் ஒரு இருக்கையை அதற்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு மணிக்கு 384 தான் மிஞ்சும். முன்னால் 240 பேர் நிற்கிறார்கள் என்றால் 30 நிமிடக் காத்திருப்பு 37.5 நிமிடம் ஆகும். கூடுதல் பணம் கட்டினால் ராட்டினம் வேகமாகச் சுற்றாது. அடுத்தவர்களின் நேரம்தான் என் கைக்கு மாறுகிறது. கோயில்களில் சிறப்புக் கட்டண தரிசன வரிசை ஓடுவதும் இதே கணக்கில்தான். எனவே தீம் பார்க்கை மட்டும் வணிகம் என்று திட்டுவது நியாயமில்லை.

தீம் பார்க்குக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். வாசலில் குழந்தைகளை ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்ப்பார்கள். இவ்வளவு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அந்த ராட்டினத்தில் ஏற்றமாட்டார்கள். போன முறை என் மகன் அங்கே அழுதான். "அடுத்த வருஷம் வளர்ந்துடுவேடா" என்று சமாதானம் சொன்னேன். வளர்ந்தும்விட்டான். வளர்ந்தால் தாண்டிவிடக்கூடிய கோடு அது. டிக்கெட் விலை பெரிய தடைதான், நாலு பேர் குடும்பத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டிப் போகும். ஆனாலும் அந்த வாசலில் யாரும் உன் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

நண்பனின் "உங்களுக்கு" எனக்குப் புரிய ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

* * *

சிதம்பரம் போக ஆசைப்பட்டு, திட்டம் போட்டு, தள்ளிப்போட்டு, அதையே பெயராக வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். திருநாளைப்போவார். நந்தனார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை இது. கொள்ளிடக் கரையில் ஆதனூர். அங்கே புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர். அதாவது கோயிலில் எழும் ஒலிக்கு இவர் தந்த பொருள் உள்ளே போகும், இவர் போக முடியாது. தில்லைக்குப் போகவேண்டும் என்று தூக்கமில்லாமல் ஏங்குகிறார், பிறப்பை நினைத்துத் தயங்குகிறார், "நாளைப் போவேன்" என்கிறார். நாட்கள் போகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இதை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' ஆக்கினார். இலக்கண சுத்தமில்லை என்று அறிஞர்கள் முகம் சுளித்தாலும் ஜனங்கள் விடவில்லை. பிறகு வந்த கதாகாலட்சேபங்களும், கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935 படமும், தண்டபாணி தேசிகர் நடித்த 1942 படமும் பின்பற்றியது பாரதியாரைத்தான்.

சேக்கிழாரில் இல்லாத ஒரு ஆளை பாரதியார் உள்ளே கொண்டுவருகிறார்: வேதியர் என்கிற பண்ணையார். அவரிடம் நந்தனார் கேட்பது என்ன? மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக அனுமதி. நம் பாஷையில் டிசம்பர் லீவு. பண்ணையார் மறுக்கிறார், திட்டுகிறார், கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார்: நாற்பது வேலி நிலத்தில் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ.

இது வெறும் சுவைக்காகச் சேர்த்த பாத்திரம் என்று நான் நினைக்கவில்லை. காவிரி டெல்டாவில் பண்ணையாட்கள் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த காலத்தில், அங்கேயே வாழ்ந்த ஒருவர் எழுதியது. 'நாளைப் போவேன்' என்பதற்கு சேக்கிழார் சொன்ன காரணம் பிறப்பு. பாரதியார் அதோடு உழைப்பைச் சேர்க்கிறார். ஒருவன் வாசல்வரை வருவதற்கு முன்பே அவனுடைய நாளை வேறொருவன் வைத்திருக்கிறான் என்பதைச் சொன்ன விதத்தில் பாரதியார் சேக்கிழாரைவிட ஒரு படி மேலே போகிறார்.

ஆனால் தீர்வில் அவரும் சறுக்குகிறார். நாற்பது வேலியும் ஒரே இரவில் தெய்வச் செயலாக விளைந்து நிற்கிறது. பண்ணையார் மனம் மாறி நந்தனார் காலில் விழுகிறார். லீவு கிடைக்க அற்புதம் தேவைப்பட்டது. லீவு மறுக்கும் முறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேக்கிழாரிலேயே இரண்டு தீர்வுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை முன்பு நான் கவனித்ததில்லை. திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று பார்க்க முயல்கிறார், நந்தி மறைக்கிறது, இறைவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றும் அங்கே நந்தி சற்று விலகித்தான் இருக்கிறது. தில்லையில் அப்படியில்லை. மதிலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது, அதில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்தபிறகுதான் உள்ளே போகிறார். என் தொழில் பாஷையில் சொன்னால், திருப்புன்கூரில் சிஸ்டத்தை மாற்றினார்கள், சிதம்பரத்தில் யூசரை மாற்றினார்கள். பக்தி இலக்கியம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுகிறோம். எனக்கு இனி அது முடியாது.

சிதம்பரத்தில் சிஸ்டத்தை மாற்றும் வேலையைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், அதிலிருந்து நந்தனார் பள்ளி வளர்ந்தது. நந்தனாரின் பெயரைத் தீயிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் வைத்தார் என்று சொல்லலாம். சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல்.

நண்பனுக்கு போன் போட்டேன். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன், சிரித்தான். "எங்க தாத்தா நந்தனார் பள்ளியில படிச்சவர்ப்பா. எங்க வீட்டுல 1947-ன்னா ரெண்டு விஷயம் சொல்லுவாங்க. உங்க வீட்டுல ஒண்ணுதான் சொல்லுவீங்க. அவ்வளவுதான்." சரிதான். அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் ஒரே வகுப்பில் படித்திருக்கிறோம், ஆருத்ராவுக்கு ஒன்றாகவும் போயிருக்கிறோம். அவன் தாத்தா எங்கே படித்தார் என்று நான் கேட்டதே இல்லை.

* * *

எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று உறுத்தியது. என் டீமில் ஒரு பையன் டிசம்பர் 23-லிருந்து லீவு கேட்டிருந்தான், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவேண்டும். நான் அதை ஒன்பது நாளாக நிலுவையில் வைத்திருந்தேன். "அந்த மாட்யூலை முடிச்சிடு, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தேன். என் லீவு மட்டும் அக்டோபரிலேயே பதிவாகிவிட்டது. நாற்பது வேலி அளவுக்குப் பெரிய மாட்யூல் இல்லைதான். ஆனாலும் வாக்கியம் அதே வாக்கியம். அனுமதித்துவிட்டேன். மாட்யூலை ஜனவரியில் முடித்துக்கொள்ளலாம், பூதகணங்கள் வராது.

ஷீட் இப்போது இப்படி இருக்கிறது. சிதம்பரம் ஒரு நாள், தீம் பார்க் ஒரு நாள். தீம் பார்க்கை பண்டிகை வாரத்திலிருந்து எடுத்து ஜனவரியில் பள்ளி திறந்தபின் வரும் ஒரு சாதாரண சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். வரிசைக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் மகள் ஒப்புக்கொண்டாள், மகன் இன்னும் முறைக்கிறான். சீக்கிரம் போகும் டிக்கெட் வாங்குவதில்லை என்று முடிவு.

சிதம்பரத்தில் அம்மாவைத் தேர் பார்க்க வைத்துவிட்டு, பிள்ளைகளை தெற்கு வீதிப் பக்கம் கூட்டிப்போய் நந்தனார் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மகள் கேட்கப்போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரியும்: "திருப்புன்கூர்ல நந்தியை நகர்த்தினவருக்கு இங்க கதவை ஏன் திறக்கச் சொல்லத் தெரியல?" என்னிடம் பதில் இல்லை. நண்பனையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். "லீவு கிடைச்சா பார்க்கலாம்" என்றான்.