மே 18, மே 19, டிசம்பர் 16

மே 18 அன்று இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் சுடர் ஏற்றுகிறார்கள். பிள்ளையின் படத்தை மடியில் கிடத்தி, தாய்மார் மணலில் அமர்ந்து வாய்விட்டு அழுகிறார்கள். மறுநாள் பத்தரமுல்லையில், நாடாளுமன்றத்துக்கு அருகே உள்ள படைவீரர் நினைவுத்தூபியில் அரச விழா நடக்கிறது. ஜனாதிபதி வருகிறார், மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. 2009இல் முடிந்த ஒரே உள்நாட்டுப் போருக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு நினைவுகூரல்கள். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இல்லை.

இந்தியாவில் இந்தப் பிளவு வெளியே தெரிவதில்லை. டிசம்பர் 16, 1971இல் டாக்காவில் சுமார் 93,000 பேர் சரணடைந்த நாள். ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். எதிரி எல்லைக்கு அப்பால் இருந்ததால் வெற்றியும் துக்கமும் ஒரே மேடையில் அமர்கின்றன. கார்கில் போரில் உயிரிழந்த மேஜர் சரவணனுக்கு அவர் ஊரான திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. டெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மகனை இழந்த குடும்பம் அங்கே போய் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்க்கலாம்.

முள்ளிவாய்க்காலில் அப்படித் தொட அரசு வைத்த ஒரு கல் இல்லை. அங்கே நினைவு கஞ்சியாக இருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களுக்குக் கிடைத்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிதான். அதையே இன்று மே மாதத்தில் தெருவோரம் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பசியை அறியாத பிள்ளைக்கும் அது வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அதற்கும் தடை வந்தது: 2024இல் திருகோணமலைச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைதானார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

இந்தியாவும் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்ததில்லை. தஞ்சாவூர் விளாரில் 2013இல் எழுந்த முள்ளிவாய்க்கால் முற்றம் என்ற நினைவிடத்தின் சுற்றுச்சுவரை அதே ஆண்டு நவம்பரில் அதிகாரிகள் இடித்தார்கள். 2017இல் மெரினாவில் நினைவேந்த முயன்றவர்கள் கைதாகி, சிலர் மீது குண்டர் சட்டமும் பாய்ந்தது.

இன்னும் நெருடலான நாள் அக்டோபர் 21. 1987இல் அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த, அப்போது இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் டொக்டர்களும் தாதியரும் உட்பட 21 பணியாளர்களும் நோயாளர் பலரும் இறந்தார்கள். அவர்களுடைய படங்களுக்கு முன் ஊழியர்கள் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். இலங்கையில் இறந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுக்குப் பத்தரமுல்லையிலேயே தனி நினைவுச்சின்னம் உண்டு. இந்தியத் தலைவர்கள் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு இந்திய அரசு நாள் எதுவும் குறிக்கவில்லை. அந்தப் பெயர்களும் ஒரு கல்லுக்கு உரியவைதான்.

இறுதிப் போரில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. பெயர்வாரியான அரச பட்டியல் இன்றும் கிடையாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். படையினரிடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் வாங்க அவர்களில் பலர் மறுக்கிறார்கள். மே 18 அன்று சுடர் ஏற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.