ஸ்டெஃபிக்கு எப்போதும் அவசரம்

ஸ்டெஃபி கிராஃபைப் பற்றி நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். டென்னிஸில் 22 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள், 377 வாரங்கள் உலகின் முதலிடம் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கால்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் ஓட்டம். போகட்டும், எனக்கு அந்தக் கால்கள்தான் ஸ்டெஃபி.

எல்லாரும் ஃபோர்ஹேண்டைக் கொண்டாடுவார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் அதை அடித்த விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து உடம்பை ஒட்டி வரும்வரை விடுவார். ‘போச்சு, தவறவிட்டுவிட்டார்’ என்று நாம் பதறும் நொடியில் ஒரே விளாசு! அவ்வளவு தாமதமாக அடிக்க வேண்டுமென்றால் பந்துக்கு முன்பே அங்கே போய் நின்றிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கால்கள். இடது பக்கம் வருகிற பந்தைக்கூடச் சுற்றி ஓடிவந்து ஃபோர்ஹேண்டில்தான் வாங்குவார். முடியாதபோது பேக்ஹேண்டில் ஒரு ஸ்லைஸ். புல்தரையில் அது எழும்பவே எழும்பாது, வழுக்கிக்கொண்டு போகும். எதிராளி முழங்காலை மடக்கி எப்படியோ தூக்கிப் போட்டால், அது நேராக அந்த ஃபோர்ஹேண்டுக்குத்தான் வந்து சேரும். எத்தனை பேர் இதில் தெரிந்தே மாட்டினார்கள்!

ஒரு புள்ளி முடிந்தால் அடுத்ததற்கு விடுவிடுவென்று நடப்பார். முகத்தைத் துடைப்பதற்கும் வானத்தைப் பார்ப்பதற்கும் நேரமே கிடையாது. 1996 விம்பிள்டன் அரையிறுதியில் சர்வ் போடப் போகும்போது கூட்டத்திலிருந்து ஒருவர், ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா?’ என்று கத்தினார். ‘உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அரங்கம் சிரித்து முடிக்கத்தான் நேரமாயிற்று.

1988ஐப் பற்றி என்ன சொல்ல! நான்கு கிராண்ட் ஸ்லாம், கூடவே சியோல் ஒலிம்பிக் தங்கம், ஒரே ஆண்டில். பிரெஞ்சு ஓபன் இறுதியில் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று முடிக்க 35 நிமிடம்கூட ஆகவில்லை. அது எனக்கு அவ்வளவு பிடிக்காது, பாவம் அந்தப் பெண். பிடித்தது விம்பிள்டன் இறுதிதான். தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அங்கே வென்றிருந்த மார்ட்டினா நவ்ரத்திலோவா முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் 2-0 என்று முன்னால் இருந்தார். அதற்குப்பின் நடந்த 13 கேம்களில் 12 ஸ்டெஃபிக்கு.

1993இல் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபியின் பெரிய போட்டியாளரான மோனிகா செலஸைக் கத்தியால் குத்தியவன் ஸ்டெஃபியின் வெறிபிடித்த ரசிகன். செலஸ் இடைவெளியில்லாமல் ஆடியிருந்தால் அந்த 22இல் சில குறைந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ளாத ரசிகரோடு நான் பேசுவதில்லை.

எனக்கு உச்சம் 1999 பிரெஞ்சு ஓபன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதிவிட்டிருந்தார்கள். வரிசையாக டேவன்போர்ட், செலஸ், ஹிங்கிஸ் என்று உலகின் முதல் மூன்று பேரையும் வீழ்த்தினார். இறுதியில் மார்ட்டினா ஹிங்கிஸ் 6-4, 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்து விழுந்த தடத்தைக் காட்டுவதற்காக வலையைச் சுற்றி ஸ்டெஃபியின் பக்கமே வந்துவிட்டார். அப்படி வரவே கூடாது. பாரிஸ் கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. வெற்றிக்கான சர்வ்வைப் போட்டும் ஹிங்கிஸால் முடிக்க முடியவில்லை. 4-6, 7-5, 6-2. தொலைக்காட்சிக்கு முன்னால் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அந்த ஆகஸ்டிலேயே ஓய்வு. வயது 30, தரவரிசையில் மூன்றாம் இடம். அதிலும் அவசரம்! அடுத்த மாதமே 17 வயது செரினா வில்லியம்ஸ் அமெரிக்க ஓபனை வென்றார். அந்த ஆண்டில் இருவரும் இரண்டு முறை மோதி, ஆளுக்கொன்று வென்றிருந்தார்கள். இன்னும் ஓர் ஆண்டு ஆடியிருந்தால் மூன்றாவதையும் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.