ரிட்சியின் பழைய கம்பைலர்: ஒரு மதிப்பீடு

கோழி முந்தியா, முட்டை முந்தியா என்னும் வினா கணிப்பொறித் துறையிலும் உண்டு. சி மொழியில் எழுதிய நிரலை இயந்திரம் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தர ‘கம்பைலர்’ என்னும் வேறொரு நிரல் தேவை. அந்தக் கம்பைலரே சி மொழியில் எழுதப்பட்டிருந்தால், அதை மாற்றித் தருவது எது? அதற்கு முந்திய கம்பைலர்தான்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972-73ஆம் ஆண்டுகளில் பி.டி.பி.-11 கணிப்பொறிக்காக எழுதிய இரு கம்பைலர்களின் மூலநிரல்கள் பழைய காந்த நாடாக்களிலிருந்து மீட்கப்பட்டன. அவரே பின்னர் அவற்றை வெளியிட்டார். ஒரு நூலை மதிப்பிடுவது போல் இவற்றையும் நிறைகுறை கண்டு மதிப்பிடலாம்.

முதல் நிறை சிக்கனம். யூனிக்ஸ் இயங்கிய தொடக்ககாலப் பி.டி.பி.-11இன் நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே. அதிலும் 12 கிலோபைட்டை இயக்கமுறைமையே எடுத்துக்கொண்டது. எனவே ரிட்சி ஓர் உபாயம் செய்தார். கம்பைலரின் தொடக்கப் பகுதி ஒரே ஒரு முறைதான் இயங்கும். அதன் வேலை முடிந்ததும், அது இருந்த இடத்திலேயே தற்காலிக விவரங்களை எழுதச் செய்தார். ஏறி முடித்த ஏணியை விறகாக்கிக்கொள்வது போன்றது இது. திறமைதான், ஆயினும் இன்றைய மாணவர் பின்பற்றத் தக்கதன்று.

குறைகளும் உண்டு. நிரலெங்கும் பெயரில்லாத வெற்று எண்கள் இறைந்து கிடக்கின்றன. எண்ணுக்குப் பெயர் சூட்டும் வசதி அன்றைய சி மொழியில் இல்லை என்பதே காரணம்.

மொழியின் குறை இதனினும் பெரிது. ‘அ =-1’ என்று எழுதினால் என்ன பொருள்? ‘அ’வின் மதிப்பை -1 ஆக்கு என்கிறது இன்றைய கம்பைலர். ‘அ’விலிருந்து 1ஐக் கழி என்றது அன்றைய கம்பைலர். இக்குறியீடு ஒரு தவறு என்று ரிட்சியே 1993இல் எழுதினார். 1976இல் அது திருத்தப்பட்டது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பழைய மூலநிரலில் உள்ள இத்தகைய வரியை இன்றைய கம்பைலர் பிழை என்றுகூடச் சொல்லாது. பொருளை மாற்றி, அமைதியாக ஏற்றுக்கொள்ளும்! ஆகவே பழைய கம்பைலரை மீண்டும் உருவாக்க, அக்கால வழக்கறிந்த கம்பைலர் ஒன்று வேண்டும். பி.டி.பி.-11 இயந்திரமோ, அதைப் போலவே இயங்கிக் காட்டும் நிரலோ வேண்டும். 1972ஆம் ஆண்டு யூனிக்ஸின் மையநிரலை ஆர்வலர்கள் 2008இல் அச்சுத்தாள்களிலிருந்து மீட்டபோதும், இத்தகைய போலி இயந்திரத்தின் மீதுதான் அதை ஓடவிட்டனர்.

கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் பரிசு உரையில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மூலநிரலில் சுவடே இல்லாத ஒரு தீங்கைக் கம்பைலர் தன் இயந்திர வடிவில் தலைமுறை தலைமுறையாகக் கடத்த முடியும் என்று விளக்கினார்.

ஆகவே மூலநிரல் கையில் இருந்தால் போதும் என்பது பாதி உண்மையே. அலகைக் குறிக்காமல் அளவீட்டை மட்டும் குறித்துவைத்தால் ஆய்வகத்தில் யார் ஏற்பார்? நிரலைச் சேமிப்போர் அதன் கம்பைலரையும், அது இயங்கிய இயந்திரத்தின் விளக்கத்தையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். ரிட்சியின் பழைய கம்பைலர் இன்று நமக்குக் கற்பிக்கும் முதன்மையான பாடம் இதுவே.